அரையாண்டு லீவும் மெல்லிசைக் கச்சேரியும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் நான் பேசிக்கொண்டே இருப்பேன் என்று நீங்கள் சிரிப்பது தெரியும். இங்கே மணியும் கிடையாது, வருகைப் பதிவேடும் கிடையாது. அலுத்தால் பாதியில் எழுந்து போய்க்கொள்ளலாம்.

அரையாண்டு லீவுக்குப் பேத்தி வந்திருக்கிறாள். எட்டாம் வகுப்பு. நான்கு நாளைக்கு முன்பு கடைக்குக் கூட்டிப் போகும்போது, சுவரில் ஒட்டியிருந்த பொங்கல் விழா நோட்டீசைப் படித்துவிட்டு நின்றாள். "மாபெரும் மெல்லிசைக் கச்சேரி" என்று போட்டிருந்தது.

"தாத்தா, மெல்லிசைன்னா மெதுவா பாடுறதா? அப்புறம் ஏன் போன வருஷம் ஜன்னல் எல்லாம் அதிர்ந்துச்சு?"

நியாயமான கேள்வி. 34 வருஷம் சரித்திரம் நடத்தியவன் சும்மா இருக்க முடியுமா? வீட்டுக்கு வந்து சொல்ல ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரத்தில் அவள் கையில் போன் வந்துவிட்டது. அவளிடம் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொல்லையே பார்ப்போம். மெல்லிசை என்பது பழைய சொல். தொல்காப்பியத்தில் செய்யுளியலில் வண்ணங்களைச் சொல்லும் இடத்தில் வல்லிசை வண்ணம், மெல்லிசை வண்ணம் என்று வருகிறது. மெல்லின எழுத்துகள் மிகுந்து வந்தால் மெல்லிசை வண்ணம். நம் தமிழய்யா மாணவர்கள் இதைச் சரி பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நோட்டீசில் இருக்கிற மெல்லிசை அங்கிருந்து நேராக வந்ததல்ல. அது ரேடியோவில் இருந்து வந்தது. அதிலும் சினிமாப் பாட்டை விரட்ட ரேடியோ எடுத்த ஆயுதத்தின் பெயராக வந்தது.

1952-இல் பி.வி. கேஸ்கர் என்பவர் தில்லியில் தகவல் ஒலிபரப்பு மந்திரி ஆனார். மராட்டியர். நல்ல படிப்பாளி, சாஸ்திரிய சங்கீதத்தில் உண்மையான பிரியம் உள்ளவர். அவருக்குச் சினிமாப் பாட்டு ஆகாது. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கான நேரத்தைக் குறைத்தார். ஒலிபரப்புக்கு முன் பாட்டைத் தணிக்கை செய்ய ஆள் வைத்தார். பாட்டுப் போடும்போது படத்தின் பெயரைச் சொல்வது இலவச விளம்பரம் என்று அதையும் நிறுத்தினார்கள். படத் தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு, பாட்டை ஒலிபரப்பக் கொடுத்திருந்த உரிமையையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கொஞ்ச காலத்தில் சர்க்கார் ரேடியோவில் சினிமாப் பாட்டு அநேகமாக ஒழிந்தது.

வெறுமனே ஒழித்தால் ஜனங்கள் கேட்பார்களா? பதிலுக்கு ஒன்று கொடுக்க வேண்டுமே. அதற்காக நிலையங்களில் தனிப் பிரிவு வைத்து, கவிஞர்களிடம் பாட்டு வாங்கி, வித்வான்களை விட்டு மெட்டுப் போடச் சொன்னார்கள். சாஸ்திரியமும் இல்லை, சினிமாவும் இல்லை, நடுவில் ஒன்று. அதுதான் தமிழில் மெல்லிசை என்று ஆனது. இன்னொரு பக்கம் தில்லியில் பண்டிட் ரவிசங்கரை வைத்து வாத்ய விருந்தா என்ற பெயரில் நம் நாட்டு வாத்தியங்களைக் கொண்டே ஒரு பெரிய இசைக்குழு அமைத்தார்கள். இரண்டுமே கெட்ட யோசனை என்று சொல்ல மாட்டேன். சில நல்ல பாட்டுகள் கிடைத்தன. ஆனால் கேட்கிறவன் கையில் ரேடியோவின் திருகு இருக்கிறதே, அதைத் தில்லி மறந்துவிட்டது.

(இதற்கு முன்பே ஒரு கூத்து உண்டு. நம் பஜனை மடத்திலும் சர்ச்சிலும் நாடகக் கொட்டகையிலும் இருந்த ஹார்மோனியத்தை 1940-இலிருந்து வானொலியில் வாசிக்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரப் பெட்டி, கமகம் வராது என்று காரணம். அதைச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஜான் ஃபோல்ட்ஸ் என்ற வெள்ளைக்காரரே. 1971 வாக்கில்தான் தடை தளர்ந்தது.)

நம் தாமிரபரணிப் பக்கத்துக்கு வருவோம். பூகோளம் படித்தவர்கள் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காகம் பறக்கிற தூரத்தில் திருநெல்வேலியிலிருந்து சென்னை ஏறக்குறைய 560 கிலோமீட்டர். கொழும்பு 310 கிலோமீட்டர்தான். அதில் பெரும்பகுதி மன்னார் வளைகுடா, உப்புத் தண்ணீர். மீடியம் வேவ் அலை தரையின் மேல் போகும்போது சீக்கிரம் களைத்துப் போகும், உப்புத் தண்ணீர் மேல் வெகு தூரம் ஓடும். அதனால் கொழும்பில் பேசுவது பக்கத்து வீட்டில் பேசுவது போல நமக்குக் கேட்கும். சென்னை, மழைக்கு ஒதுங்கிய ஆள் தொண்டையைச் செருமுவது போலக் கேட்கும்.

இலங்கைக்கு அவ்வளவு பெரிய ஒலிபரப்புச் சக்தி எப்படி வந்தது என்பது இன்னொரு கதை. இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் கண்டியில் உட்கார்ந்துகொண்டு தென்கிழக்காசியப் படைகளை நடத்தினார். அந்தச் சிப்பாய்களுக்காக ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் ஒன்று வைத்தார்கள். போர் முடிந்தது, சிப்பாய்கள் போனார்கள், இயந்திரம் நின்றது. 1949-இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950 செப்டம்பரில் ரேடியோ சிலோன் வர்த்தக சேவையை ஆரம்பித்தது. இரண்டு வருஷம் கழித்துக் கேஸ்கர் இங்கே கதவை அடைக்கிறார். விளம்பரம் கொடுக்கக் காத்திருந்த இந்தியக் கம்பெனிகளும், பாட்டுக்கு ஏங்கிய இந்திய ஜனங்களும் கடலைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். அமீன் சயானியின் பினாகா கீத்மாலா 1952 டிசம்பரில் அங்கிருந்துதான் கிளம்பியது. வடக்கே அது. தெற்கே நமக்கு மயில்வாகனன்.

எஸ்.பி. மயில்வாகனன் குரலைக் கேட்டவர்கள் இன்று 70-க்கு மேல் இருப்பார்கள். அவர் வேகமாகப் பேசுவார், ஆனால் ஒரு எழுத்தும் சிதையாது. ழகரம் சுத்தமாக விழும். பின்னால் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் என்று வரிசையாக வந்தார்கள். காலையில் பொங்கும் பூம்புனல், ராத்திரி இரவின் மடியில். நிகழ்ச்சிக்கு வைத்த பெயரிலேயே தமிழ் இருந்தது. நான் நல்ல தமிழ் உச்சரிப்பைப் பள்ளியில் கற்றதைவிட அந்தப் பெட்டியில்தான் அதிகம் கற்றேன். இதை என் தமிழய்யா உயிரோடு இருந்தபோது சொல்லத் தைரியம் வரவில்லை.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிப் பக்கம். எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. ரேடியோ வைக்க லைசென்ஸ் வாங்க வேண்டும், வருஷா வருஷம் போஸ்ட் ஆபீசில் பணம் கட்ட வேண்டும். எங்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோதான். சின்ன அறைக்குள் பெட்டி, வெளியே கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர், கீழே மணல். சாயங்காலம் பெரியவர்கள் வந்து உட்கார்ந்து மாநிலச் செய்தி, கிராம நிகழ்ச்சி எல்லாம் கேட்பார்கள். நெல்லுக்கு எப்போது உரம் போட வேண்டும் என்று ரேடியோ சொல்லும். நாற்பது வருஷம் விவசாயம் பார்த்தவர்கள் மூக்குப்பொடி போட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்பார்கள். அவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்ததும், ரேடியோவுக்குப் பொறுப்பான அண்ணாச்சி இரண்டு பக்கமும் பார்ப்பார். "ஏலே, யாருகிட்டயும் சொல்லப்பிடாது" என்பார். திருகு நகரும். கொழும்பு வந்துவிடும்.

யாரிடம் சொல்ல? கம்பத்தில் ஸ்பீக்கர் அல்லவா பாடுகிறது! எழுந்து போன பெரியவர்கள் அவரவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அரையாண்டு லீவில் இது இன்னும் ருசி. பரீட்சை முடிந்த நிம்மதி. ஆற்றில் தண்ணீர், வயலில் பிசானம் நெல், காலையில் பனி. விடியற்காலம் கோயில் ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு. அது முடிந்து இட்லி சாப்பிடும் நேரத்துக்குப் பொங்கும் பூம்புனல். கிறிஸ்துமஸ் நெருங்கினால் பாளையங்கோட்டைப் பக்கம் ராத்திரி கேரல் கோஷ்டி வீடு வீடாக வரும். பெட்ரோமாக்ஸ் விளக்கு, தோளில் தொங்கும் ஹார்மோனியம், ஒரு வயலின். புது வருஷம், பிறகு பொங்கல். பொங்கலுக்குக் கபடி, வழுக்குமரம், மூன்று நாள் இறங்காமல் சைக்கிள் விடுகிறவர், கடைசி ராத்திரி கச்சேரி. மார்கழிப் பிறப்பிலிருந்து காணும் பொங்கல் வரை எங்கள் ஆற்றங்கரை ஊர்களில் காற்றில் ஏதாவது ஒரு பாட்டு இருந்துகொண்டே இருக்கும். கோயில் பாட்டு, சர்ச் பாட்டு, சினிமாப் பாட்டு என்று காது பிரித்துப் பார்த்ததில்லை.

1963-ஐ மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்குப் பதினொரு வயது. அந்த ஜூன் மாதம் சென்னையில் திருவல்லிக்கேணிக் கலாசார அமைப்பு ஒன்று நடத்திய பாராட்டு விழாவில் விஸ்வநாதன் - ராமமூர்த்தி இருவருக்கும் ஒரு பட்டம் கொடுத்தார்கள். சூட்டியவர் சிவாஜி கணேசன். என்ன பட்டம்? "மெல்லிசை மன்னர்கள்". சினிமாப் பாட்டுக்கு எதிராக ரேடியோ கொண்டுவந்த சொல், சினிமாப் பாட்டுக்காரர்கள் தலையில் கிரீடமாக ஏறிவிட்டது. கேஸ்கர் அதற்கு முந்தைய வருஷம்தான் தேர்தலில் தோற்று மந்திரி பதவியை விட்டிருந்தார். அந்தப் பட்டம் கொடுத்தவர்கள் இதை யோசித்துக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் சரித்திரம் இப்படித்தான் சில சமயம் பழி வாங்கும். அன்றிலிருந்து தமிழ்நாட்டில் மெல்லிசை என்றால் சினிமாப் பாட்டு. என் பேத்தி கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

அதே 1963 டிசம்பரில் திருநெல்வேலி வானொலி நிலையம் ஆரம்பமானது. பாளையங்கோட்டையில். அரையாண்டுப் பரீட்சை நேரம். நம் ஊரின் பெயரை ரேடியோ சொல்லுகிறது என்று கேட்கவே கூட்டம் கூடியது. அண்ணாச்சிக்கு மட்டும் தர்மசங்கடம். இரண்டு மாதம் நெல்லை, பிறகு பழையபடி கொழும்பு. உள்ளூர்ப் பாசம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். (பிறகு நெல்லை வானொலியும் பாட்டுப் போட்டது, நாங்களும் விருப்பம் கேட்டுக் கார்டு போட்டோம். குறை சொல்லக் கூடாது.)

அந்த நாட்களில் எங்களைப் பைத்தியமாக அடித்த பாட்டு ஒன்று உண்டு. 1962-இல் வந்த கொஞ்சும் சலங்கை படத்தில் ஜானகி பாட, கூடவே நாகஸ்வரம் வரும் பாட்டு. ஆபேரி ராகம். நாகஸ்வரம் வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம். காருகுறிச்சி எங்கள் ஊரிலிருந்து நடந்து போகிற தூரம். இசையமைத்த எஸ்.எம். சுப்பையா நாயுடு பழைய நெல்லை மாவட்டத்துக் கடையநல்லூரில் பிறந்தவர். யோசித்துப் பாருங்கள். நம் ஆற்றங்கரை நாகஸ்வரம், நம் மாவட்டத்துக்காரர் இசை. அது இசைத்தட்டாகி, கப்பலேறிக் கொழும்பு போய், அங்கிருந்து கடல் தாண்டி எங்கள் பஞ்சாயத்துக் கம்பத்துக்கு வந்தது. அருணாசலம் 1964-இல் காலமானார். எங்கள் அப்பா அன்று சாயங்காலம் சாப்பிடவில்லை. சினிமாப் பாட்டைக் கேட்டால் காதைப் பொத்துகிற மனிதர் அவர். அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் பொத்தமாட்டார். "அது சினிமாப் பாட்டு இல்லடே, அது நம்ம காருகுறிச்சி" என்பார்.

இனி கச்சேரி விஷயம்.

எங்கள் பக்கம் "ஆர்க்கெஸ்ட்ரா" என்ற சொல் எழுபதுகளில் நோட்டீசில் ஏறியது. அதற்கு முன்பு கொடைக்கும் பொங்கலுக்கும் வில்லுப்பாட்டு, கரகாட்டம், நையாண்டி மேளம், மைக் செட்டுக்காரர் போடும் ரிக்கார்டு. பிறகு ஆளே மேடையில் நின்று சினிமாப் பாட்டு பாட ஆரம்பித்தார்கள். தேனிப் பக்கம் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் தம்பிகளோடு கட்சி மேடைகளில் பாடி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலமும் இதை ஒட்டித்தான். அந்தத் தம்பிகளில் ஒருவர் 1968-இல் சென்னைக்குப் போய், 1976-இல் அன்னக்கிளி படத்தில் இளையராஜா ஆனது உங்களுக்குத் தெரியும்.

பெரிய நகரங்களில் இருந்த குழுக்களை விடுங்கள். நம் பக்கத்துக் குழு என்றால் ஏழெட்டுப் பேர். ஒரு அக்கார்டியன், ஒரு மாண்டலின் அல்லது புல்புல்தாரா, லோக்கல் தச்சர் செய்த கித்தார் ஒன்று, வயலின் கிடைத்தால் வயலின், தபலா, பாங்கோஸ். இரண்டு ஆண் குரல், ஒரு பெண் குரல். பெண் குரல் கிடைக்காவிட்டால் ஆணே பெண் குரலில் பாடுவார், அதற்குத்தான் கைதட்டல் அதிகம். எக்கோ மிஷின் இருந்தால் நோட்டீசில் தனியாகப் போடுவார்கள். அறிவிப்பாளர் கட்டாயம் இலங்கை வானொலி மாதிரிதான் பேசுவார். மேலப்பாளையத்துக்காரர் மைக் முன் நின்றதும் யாழ்ப்பாணத்தார் ஆகிவிடுவார்.

கச்சேரி ஆரம்பத்தில் முதலில் சாமி பாட்டு. அதற்கும் முன்னால், திரை தூக்குமுன், பாட்டே இல்லாமல் வாத்தியம் மட்டும் ஒன்று வாசிப்பார்கள். பெரும்பாலும் "கம் செப்டம்பர்". 1961-இல் வந்த அமெரிக்கப் படத்தின் மெட்டு. பாபி டாரின் போட்டது, பில்லி வான் குழுவின் இசைத்தட்டாக உலகமெல்லாம் சுற்றியது. நம்மூரில் கல்யாண வீட்டு மைக் செட்டிலும் தியேட்டரில் படம் போடுமுன்னும் அதைப் போடுவார்கள். அது எந்தப் படம், எந்த நாடு என்று யாருக்கும் தெரியாது. அது கேட்டால் ஏதோ நல்லது ஆரம்பிக்கப் போகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். ஆச்சிமார்கள் வெற்றிலையை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார்கள்.

இந்தக் குழுக்கள் ஒரு பாட்டை எப்படிப் படித்தன என்பதைத்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன். புதிய பறவை, காதலிக்க நேரமில்லை இரண்டும் 1964. அந்தப் பாட்டுகளில் மெல்லிசை மன்னர்கள் எத்தனை வயலின், எத்தனை ஊதுகருவி வைத்திருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் இசையை இவர்கள் பி.ஜி.எம். என்பார்கள். பாட்டு யாருக்கும் வந்துவிடும். பி.ஜி.எம். வந்தால்தான் குழு. இசைத்தட்டு வாங்கக் காசு கிடையாது. கேசட் இன்னும் பரவவில்லை. ஒரே வழி இலங்கை வானொலி. அது எப்போது அந்தப் பாட்டைப் போடும் என்றும் தெரியாது. ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். முன்னிசை ஒருவன் பொறுப்பு, முதல் இடையிசை ஒருவன், இரண்டாவது இடையிசை இன்னொருவன். பாட்டு வந்ததும் மூன்று பேரும் மூன்று டீக்கடையில் இருந்தாலும் அவனவன் பங்கை மட்டும் மனதில் பிடிப்பான். ராத்திரி கூடி ஒட்டுவார்கள். ஒட்டு சேராவிட்டால் அடுத்த தடவை ரேடியோவில் வரும்வரை அந்தப் பாட்டு நிலுவை.

இருபது வயலின் சேர்ந்து இழுப்பதை ஒரு அக்கார்டியன் வாசிக்க வேண்டும். காற்றுத்துருத்தியை இழுக்கிற இழுப்பில்தான் அந்த ஏற்ற இறக்கம். இதைச் சரியாகச் செய்ய ஒரு பையன் இருந்தான். என் வகுப்பில்.

பெயர் வேண்டாம். இப்போது அவனுக்கே பேரன் இருக்கிறான். 1981-இல் பிளஸ் டூ. பாளையங்கோட்டைப் பக்கம் வீடு. சர்ச்சில் ஞாயிறு பள்ளியிலேயே நோட்டேஷன் பார்த்து வாசிக்கக் கற்றுக்கொண்டவன். அவன் அப்பா தூத்துக்குடியில் கப்பல்காரர் ஒருவரிடம் பழைய அக்கார்டியன் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரை ராத்திரி ராத்திரி கச்சேரி. தலைக்குப் பதினைந்து ரூபாயும் புரோட்டா சால்னாவும். மற்ற குழுக்காரர்கள் காதால் பிடிப்பதை இவன் தாளில் எழுதிவிடுவான். இளையராஜா வந்த பிறகு பி.ஜி.எம். சாமானியமாக இல்லை. ஒரே நேரத்தில் வயலின் ஒன்று சொல்ல, புல்லாங்குழல் வேறொன்று சொல்ல, பேஸ் கித்தார் மூன்றாவது கதை சொல்லும். காது மட்டும் போதாது. அந்தப் பையன் எழுதிய தாள்களைக் கேட்டு அம்பாசமுத்திரத்திலிருந்து ஆள் வந்தது எனக்குத் தெரியும்.

அரையாண்டுப் பரீட்சையில் அவன் மூன்று பாடத்தில் தவறினான். நான் வகுப்பாசிரியர். பொங்கல் கழிந்த மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பாவிடம் என்ன சொன்னேன் என்பது வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "அண்ணாச்சி, பையன் புத்திசாலி. அந்தப் பெட்டி வீட்ல இருக்கற வரைக்கும் தேற மாட்டான்." அவர் படிக்காதவர். வாத்தியார் வீடு தேடி வந்து சொன்னால் அது வேதம். அடுத்த வாரம் அக்கார்டியன் விற்றுப் போயிற்று. பையன் மார்ச்சில் பாஸ் செய்தான். பிறகு குரூப் ஃபோர் எழுதி சர்க்கார் உத்தியோகம் போனான். என்னிடம் நன்றியோடுதான் இருந்தான், இன்றும் இருக்கிறான்.

நானோ, அதே வருஷங்களில் ராத்திரி பதினோரு மணிக்கு டிரான்சிஸ்டரைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவின் மடியில் கேட்டவன். கேஸ்கர் தில்லியில் செய்ததை நான் பாளையங்கோட்டையில் செய்தேன். கேஸ்கருக்காவது சினிமாப் பாட்டு பிடிக்காது.

1983 ஜூலைக்குப் பிறகு கொழும்பைத் திருப்பினால் பாட்டுக்கு முன்னால் மனசு வேறெங்கோ போனது. தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் நம் பக்கத்திலும் இருந்தார்கள், அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்க முடியவில்லை. அதற்குள் கேசட் வந்தது, டி.வி. வந்தது. 1986-இல் இளையராஜாவின் "ஹவ் டு நேம் இட்" கேசட்டை வாங்கி வந்து வீட்டில் போட்டேன். பாட்டே இல்லை, முழுக்க வாத்தியம். வயலின் கூட்டம் ஏறி இறங்கும்போது எனக்கு அக்கார்டியன்தான் கேட்டது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

மேடைகளில் கீபோர்டு வந்தது. ஒரு ஆள், பத்து வாத்தியத்தின் சத்தம். ஏழெட்டுப் பேர் நாலு பேர் ஆனார்கள். இப்போது டிராக் போட்டுப் பாடுகிறார்கள், பி.ஜி.எம். எல்லாம் பென் டிரைவில் சுத்தமாக வருகிறது, ஒரு ஸ்வரம் தப்பாது. ஜன்னல் அதிர்வதும் அதனால்தான்.

நேற்று முன்தினம் கிறிஸ்துமஸ். வழக்கம்போல அவன் கேக்கும் முந்திரிக்கொத்தும் எடுத்துக்கொண்டு வந்தான். ரிடையர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. பேத்தி சும்மா இருப்பாளா? "மாமா, தாத்தா மெல்லிசை பத்தி ஒரு மணி நேரம் சொன்னாங்க, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டாள். அவன் சிரித்தான். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு பழைய பாட்டின் முதல் இடையிசையை வாயால் முனகிக் காட்டினான். வலது கை விரல்கள் டீப்பாய் மேல் ஓடின. இடது கை மட்டும் டீப்பாயில் இல்லை. அது விலாப் பக்கம் காற்றில் மெதுவாக விரிந்து, மெதுவாகச் சுருங்கியது. நான்கைந்து தடவை. அவனுக்கு அது தெரிந்து செய்ததாகத் தோன்றவில்லை.

காபி கொடுத்தபோது கேட்டேன், 44 வருஷம் கழித்து. "அந்தப் பெட்டிய யாருடே வாங்கினா?"

"தெரியல சார். அப்பா சொல்லல, நானும் கேக்கல." கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க அன்னைக்கு வந்து சொன்னது நல்லதாப் போச்சு சார். இல்லன்னா பென்ஷன் ஏது?" என்றான். உண்மையாகத்தான் சொன்னான். நான் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னான். அந்தப் பி.ஜி.எம். தாள்கள் ஒரு கட்டு, குழுவில் கித்தார் வாசித்தவரிடம் இருந்தனவாம். அவர் காலமாகிவிட்டார். குடும்பம் வீரவநல்லூரிலிருந்து எங்கோ மாறிப் போய்விட்டது.

எனவே இந்தப் பதிவைப் படிக்கிற 1978 முதல் 1983 வரையிலான பேட்ச் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை பக்கம் பழைய கச்சேரிக் குழுக்காரர்கள் வீடு யாருக்காவது தெரியுமா? கோடு போட்ட நோட்டில் நீல மையில் எழுதிய தாள்கள். மேலே படத்தின் பெயரும், "முன்", "இடை 1", "இடை 2" என்றும் இருக்குமாம். பரணில் எலி தின்னாமல் இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். பழைய அக்கார்டியன் விலைக்கு எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்களும் தனியாகச் சொல்லுங்கள். அவனுக்கு இப்போது தெரிய வேண்டாம். பொங்கலுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.